படம் தெளிவில்லை, யாழ்ப்பாணம் போங்கோ

முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ சீனி வருத்தக் கிளினிக் நாளில் ஆஸ்பத்திரி வாங்குகள் விடியவே நிரம்பிவிடும். ஆளுக்கொரு கிளினிக் கொப்பி, பலர் வெறும் வயிறு. சீனி நெடுநாள் கூடிக் கிடந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாகிக் கசியும். பார்வை மங்கும்வரை பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆகவே வருடாவருடம் கண்ணைப் பார்க்க வேண்டும். அதற்குக் கண் டொக்டர்கள் போதாது.

செயற்கை நுண்ணறிவை இங்கேதான் கொண்டுவரப் பார்க்கிறார்கள். கண் டொக்டர்கள் தரம் பிரித்த ஏராளமான விழித்திரைப் படங்களைக் கணினிக்குக் கொடுப்பார்கள். அது ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விடை ஊகிக்கும். பிழைத்தால் தன் உள் எண்களைக் கொஞ்சம் திருத்தும், பிறகு அடுத்த படம். இப்படியே பழகியபின் புதிய படத்தைக் காட்டினால், நோய் இருக்கக்கூடிய அளவை ஓர் எண்ணாகச் சொல்லும். எந்த எண்ணுக்கு மேலே போனால் கண் டொக்டரிடம் அனுப்புவது? அந்தக் கோட்டை மனிதர்தான் போடுகிறார்கள். கோட்டை இறக்கினால் நோய் தப்புவது குறையும், வீண் அலைச்சல் கூடும். ஏற்றினால் மறுவளம்.

கூகுள் குழு இப்படியொரு மென்பொருளைத் தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் வைத்துப் பார்த்து, 2020இல் அறிக்கை வெளியிட்டது. படம் எடுத்தவர்கள் தாதியர். மங்கலான படத்தைப் பிழையாக வாசிப்பதைவிட நிராகரிப்பதே பாதுகாப்பு என்று மென்பொருளை அமைத்திருந்தார்கள். நியாயம்தான். ஆனால் நல்ல இருட்டறை எல்லா இடத்திலும் இல்லை. சுமார் 21% படங்கள் திருப்பி அடிக்கப்பட்டன. இணையமும் இழுபட்டது. படம் நிராகரிக்கப்பட்டவர் வேறிடத்துக்குக் கண் டொக்டரைத் தேடிப் போகவேண்டும். இந்த அலைச்சலை நினைத்துச் சில தாதியர் நோயாளிகளிடம் 'இதில் சேர வேண்டாம்' என்றே சொல்லியிருக்கிறார்கள்.

இதைப் புதுமைக்குப் பயம் என்று எழுதிவிடுவது சுகம். ஒட்டுசுட்டானிலிருந்து வரும் கூலித் தொழிலாளிக்கு 'படம் தெளிவில்லை, யாழ்ப்பாணம் போங்கோ' என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு, பஸ் காசு, துணைக்கும் ஓர் ஆள். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மிஸ்ஸிதான், மென்பொருள் எழுதியவர் இல்லை.

டொக்டர்மாரின் தயக்கம் வேறு வகை: கணினி பிழைத்தால் தாங்களும் அதன் பின்னால் போய்விடுவோமோ என்பது. 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 27 கதிரியக்க நிபுணர்கள் மார்பக எக்ஸ்ரே படங்களை வாசித்து, புற்றுநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்று தரம் பிரித்தார்கள். செயற்கை நுண்ணறிவின் கருத்து என்று சொல்லி, சில படங்களுக்கு வேண்டுமென்றே பிழையான விடையைப் பக்கத்தில் வைத்தார்கள். விடை சரியாக இருந்தபோது அனுபவம் குறைந்தவர்கள் ஏறக்குறைய 80% படங்களைச் சரியாகத் தரம் பிரித்தார்கள். விடை பிழைத்தபோது அது 20% ஆக விழுந்தது. நீண்ட அனுபவமுள்ளவர்களும் 82%இலிருந்து 46%க்கு இறங்கினார்கள்.

இளம் டொக்டர்கள் வருவதும் மாற்றலாகிப் போவதுமாக இருக்கும் வன்னி ஆஸ்பத்திரிகளுக்கு இந்த எண்கள் அதிகம் பொருந்தும். கருவி வந்தால், டொக்டர் தன் முடிவைக் கொப்பியில் எழுதிய பிறகே கணினியின் எண் திரையில் தெரியும்படி வைக்கலாம். அதற்குப் பெரிய செலவில்லை. கிளினிக்கில் நோயாளி ஒருவருக்குக் கூடுதலாகச் சில நிமிடங்கள் வேண்டும், அவ்வளவுதான்.