மயிலுக்கு மேலே வேல்

போட்டோஷாப் என்ற பட மென்பொருளில் தைப்பூசக் காவடிக்குச் சுவரொட்டி செய்துகொண்டிருந்தேன். அடியில் மொரிஷியஸின் கோர் த கார்த் மலை, அதன்மேல் மயில், அதற்கும் மேல் வேல். சாயங்காலம் பார்த்தால் வேலைக் காணோம். அழிந்துபோகவில்லை. படத்தின் ஒவ்வொரு பகுதியும் கண்ணாடித் தாள் போல ஒரு லேயரில், அதாவது தனி அடுக்கில், இருக்கும்; மயில் லேயர் கைதவறி மேலே ஏறியிருந்தது.

வரிசையின் அருமையை மொரிஷியஸ் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1998-இல் புது ரூபாய் நோட்டில் தமிழ் இந்திக்குக் கீழே இறங்கியது. கிளம்பிய எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள்.

லேயரில் வரிசை என்பது கணக்கு. பிக்சல் எனும் படப்புள்ளி ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என 0 முதல் 255 வரையிலான மூன்று எண்கள் தவிர ஆல்ஃபா என்று நாலாவது எண் உண்டு. கீழே இருப்பதை எவ்வளவு மறைப்பது என்பதை அது சொல்லும். மேல் லேயரில் சிவப்பு 200, மறைப்பு 60 சதவீதம். கீழே சிவப்பு 100, முழு மறைப்பு. 200-இல் 60 சதவீதம் 120, 100-இல் மிச்ச 40 சதவீதம் 40, ஆக 160. இரண்டையும் இடம் மாற்றினால் விடை வெறும் 100. இந்தக் கணக்கை கணினி வரைகலை ஆய்வாளர்களான போர்ட்டரும் டஃப்பும் 1984-இல் ஒழுங்காக எழுதிவைத்தார்கள். போட்டோஷாப்புக்கு லேயர் வந்தது 1994-இல்தான்.

லேயர்களை ஃபோல்டரில் போட்டு அடுக்குவது வெறும் சுத்தத்துக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வெள்ளைத் தாளில் போட்ட கோலத்தை ஸ்கேன் செய்து 'மல்டிப்ளை' முறையில் வைத்திருந்தேன். அதில் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பெருக்கி 255-ஆல் வகுப்பார்கள். வெள்ளை என்றால் 255. பெருக்கி வகுத்தால் கீழே இருந்த எண்ணே திரும்ப வரும். தாள் மறைந்து கோடு மட்டும் மலைமேல் நிற்கும். போட்டோஷாப் ஃபோல்டர் இயல்பாக 'பாஸ் த்ரூ' முறையில், அதாவது உள்ளிருப்பதை நேராகக் கீழுள்ளவற்றோடு கலக்கும்படி, இருப்பதால், உள்ளே வைத்தாலும் ஒன்றும் மாறாது. அதை 'நார்மல்' ஆக்கிப் பாருங்கள்: ஃபோல்டருக்குள் இருப்பதை முதலில் தனியாகக் கலந்து, பிறகுதான் மலைமேல் வைக்கும். உள்ளே கோலத்துக்கு அடியில் பெருக்குவதற்கு எதுவுமில்லை. போன வெள்ளைத் தாள் சதுரமாகத் திரும்பி வந்து உட்கார்ந்துவிடும்! அரை நாள் இதிலேயே போனது.

லேயருக்குப் பெயர் வைக்கும் விஷயம் சின்னதுதான். ஆனால் 'லேயர் 14 நகல் 3' என்பது யாருக்கும் ஒன்றும் சொல்லாது. எழுத்து லேயருக்கு அதன் முதல் சொற்களையே மென்பொருள் பெயராக வைத்துவிடும். தமிழ் படிக்கத் தெரியாத என் மருமகனுக்கு அதனால் பயனில்லை. அவனுக்காக எங்கள் ஊர்ப் பேச்சுமொழியான க்ரெயோலிலும் ஒரு சொல் சேர்த்திருக்கிறேன்.

மயிலுக்குப் பூட்டும் போட்டாயிற்று.