வவுச்சரில் கையெழுத்துப் போடும் முன்: ஏஐ குரலும் கலைஞர் உரிமையும்

சாலிகிராமத்தில் டப்பிங் பேசும் தோழி ஒருவர் ஒரு வவுச்சரைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். மேலே தொகை, தேதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டக் கட்டம். கீழே எறும்பு சைஸ் ஆங்கிலத்தில் ஒன்பது வரி. ஏழாவது வரியில்தான் விஷயம் இருந்தது: இந்தக் குரல் பதிவை மென்பொருளுக்குப் பயிற்சி கொடுக்கவும், குரல் மாதிரி (அவர் குரலிலேயே எதையும் பேச வைக்கும் கணினி நகல்) உருவாக்கவும் நிரந்தரமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். "பேசி முடிச்சதும், பேமெண்ட் வேணும்னா இதுல போடுங்கன்னாங்க. போட்டுட்டேன், என்ன செய்யலாம்?" என்று கேட்டார். போட்ட பிறகு செய்யக்கூடியது கொஞ்சம்தான். போடும் முன் செய்யக்கூடியது நிறைய.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏஐ நகலிலிருந்து கலைஞரைக் காப்பதற்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2024-லேயே குரலுக்குப் பாதுகாப்பு கொடுத்துவிட்டது. நம் கையில் இருப்பது 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம். அதில் 1994-லும் 2012-லும் வந்த திருத்தங்களால் நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரர் எல்லோருக்கும் 'நிகழ்த்துநர் உரிமை' என்று ஒன்று இருக்கிறது. உங்கள் நிகழ்த்தலைப் பதிவு செய்ய, பிரதி எடுக்க, பொதுமக்களிடம் கொண்டுபோக உங்கள் சம்மதம் வேண்டும் (பிரிவு 38ஏ). உங்கள் பெயர் போட வேண்டும், உங்கள் மதிப்பு கெடும்படி அதைத் திரித்தால் தடுக்கவும் நஷ்டஈடு கேட்கவும் உரிமை உண்டு (பிரிவு 38பி). காலம் 50 வருஷம். இதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை, நிகழ்த்தியதுமே உரிமை வந்துவிடுகிறது. "உங்க குரலை காப்பிரைட் ஆபீஸ்ல ரிஜிஸ்டர் பண்ணித் தர்றோம்" என்று ஏஜெண்டு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அங்கே பாட்டு, எழுத்து, படம், ஒலிப்பதிவு, மென்பொருள் போன்ற படைப்புகளைத்தான் பதிவார்கள். குரலுக்கு அந்தப் படிவத்தில் இடமே கிடையாது.

இனி குழிகள்.

முதல் குழி, நீங்கள் 'நிகழ்த்துநர்'தானா என்பது. சினிமாவில் ஒருவரின் நடிப்பு தற்செயலானதாக, சின்னதாக இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில்கூடப் பெயர் போடப்படாவிட்டால், சட்டம் அவரை நிகழ்த்துநர் கணக்கில் சேர்க்காது. கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர்களை மனதில் வைத்து எழுதின வரி மாதிரிதான் இருக்கிறது. இன்றைக்குச் சுற்றிலும் கேமரா வைத்து முகத்தை ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ள வசதியான ஆட்களும் இவர்கள்தான். ஒரு நாள் பேட்டா வாங்கிக்கொண்டு ஸ்கேனுக்கு நின்றால், அப்புறம் பத்துப் படத்துக் கூட்டத்தில் அந்த முகம் நிற்கலாம். ஆனால் இவர்களுக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது: திரிப்பைத் தடுக்கும் உரிமையை மட்டும் சட்டம் பறிக்கவில்லை. புரொடக்ஷன் மேனேஜர் "உனக்கு ரைட்ஸே இல்ல" என்றால், முழுக்க உண்மை இல்லை என்று சொல்லுங்கள். டைட்டிலில் பெயர் வருமா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். அது பெருமைக்காக மட்டும் இல்லை.

இரண்டாவது குழியில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். சட்டம் காப்பது உங்கள் நிகழ்த்தலை, உங்கள் குரலை அல்ல. நீங்கள் பாடின பாட்டை அப்படியே பிரதி எடுத்தால் 38ஏ நேராகப் பொருந்தும். உங்கள் குரலை மாதிரியாக்கி, நீங்கள் பாடவே பாடாத பாட்டைப் பாட வைத்தால் "எந்த நிகழ்த்தலைக் காப்பியடித்தோம்?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதனால் புகாரிலும் நோட்டீஸிலும் பதிப்புரிமையை மட்டும் எழுதி நிறுத்தக்கூடாது. ஆளுமை உரிமையையும் சேர்க்க வேண்டும். தன் பெயர், முகம், குரலை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தானே தீர்மானிக்கும் உரிமை அது. சட்டப் புத்தகத்தில் தனிப் பிரிவாக இல்லை, நீதிமன்றங்கள் தீர்ப்புகள் வழியாக வளர்த்தது. 2015-ல் ரஜினிகாந்த் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதை ஏற்றது. 2023-ல் அனில் கபூருக்கு டெல்லி உயர் நீதிமன்றமும், 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்குக்குப் பம்பாய் உயர் நீதிமன்றமும் இடைக்காலத் தடை கொடுத்தன. அரிஜித் வழக்கு நேராகவே ஏஐ குரல் பற்றியது. யாருடைய குரலையும் அவர் குரலாக மாற்றித் தரும் கருவியை அனுமதியில்லாமல் கொடுப்பதே மீறல் என்றது நீதிமன்றம்.

எல்லோரும் பெரிய ஆட்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். சீரியலில் மாமியாருக்கு டப்பிங் பேசுகிறவர் போனால், "இந்தக் குரலைக் கேட்டால் ஊருக்கு உங்களைத் தெரியுமா?" என்ற கேள்வி வரும். அதற்கான பதில் போலி வீடியோவின் கீழேயே கிடக்கும். "இது அந்த சீரியல் மாமியார் வாய்ஸ்தானே" என்று நாலு பேர் எழுதியிருப்பார்கள். அதை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வீடியோ போனால் அந்தக் கமெண்ட்டும் போய்விடும்.

மூன்றாவது குழி காகிதம். உரிமையை எழுதிக் கொடுப்பதற்குச் சட்டம் போட்டிருக்கும் நிபந்தனைகள் உண்மையில் உங்கள் பக்கம்தான். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம்தான். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். எழுதிக் கொடுத்த காலத்தில் இல்லாத, வியாபாரத்துக்கு வராத ஒரு முறைக்கு அந்த எழுத்து செல்லாது, அந்த முறையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய. ஆக, 2012-க்குப் பிறகு, குரல் நகல் வியாபாரமாவதற்கு முன் நீங்கள் போட்ட கையெழுத்துகளை வைத்து உங்கள் குரலை மாதிரியாக்க முடியாது என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. "இன்று உள்ள, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்" என்ற பொத்தாம்பொதுவான வரி இருந்தாலும், அது பெயர் சொல்லிக் குறிப்பிட்டதாக ஆகாது என்று சொல்லலாம். பழைய வவுச்சர் நகல்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

இது தெரிந்துதான் புது வவுச்சர்களில் பயிற்சி, குரல் மாதிரி, நிரந்தரம், உலகம் முழுவதும் என்று ஒவ்வொன்றாக எழுதுகிறார்கள். இந்த நாலு வார்த்தைகளைத் தேடுங்கள். ஆங்கிலம் படிக்கச் சிரமமாக இருந்தால் போட்டோ எடுத்து வீட்டுப் பிள்ளையிடம் அனுப்புங்கள், ஐந்து நிமிஷம் காத்திருப்பதால் ஸ்டுடியோ இடிந்து விழாது. அந்த வரியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, "இந்தப் படத்துக்கு மட்டும், ஏஐ பயிற்சிக்கும் குரல் நகலுக்கும் சம்மதம் இல்லை" என்று கையாலேயே எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் போதும். எழுதின பிறகு ஒரு போட்டோ.

டிராக் பாடுகிறவர்களுக்கு, அதாவது இறுதிப் பாடகர் பாடும் முன் மாதிரிக்குப் பாடிக் கொடுக்கிறவர்களுக்கு, தனியாக ஒன்று. இப்போது நீங்கள் பாடின டிராக்கின் மேல் வேறொருவரின் குரலைப் போர்த்தி வெளியிட முடிகிறது. சங்கதி, மூச்சு, பாவம் எல்லாம் உங்களுடையது, நிறம் மட்டும் அவருடையது. அங்கே மறைந்து நிற்பது உங்கள் நிகழ்த்தல். "டிராக்தானே" என்று ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து அனுப்ப விடாதீர்கள், இறுதிப் பாட்டில் பயன்பட்டால் பெயரும் ராயல்டியும் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

சரி, போலி வந்துவிட்டது. எங்கே போவது?

முதலில் ஆதாரம். லிங்க், தேதி, நேரம், சேனல் பெயர் தெரியும்படி ஸ்கிரீன் ரெக்கார்டிங். கோப்பைத் தரவிறக்கி, கம்ப்யூட்டரில் கை படாமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பி வாங்கின பிரதி வேண்டாம், அது சுருங்கிவிடும். கோர்ட்டுக்குப் போனால் 2023-ன் புதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63-ன்படி சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை நிபுணரும் தர வேண்டும்.

அடுத்தது தளம். யூடியூபில் பெரும்பாலோர் காப்பிரைட் படிவத்தை நிரப்பித் தோற்கிறார்கள். பாட்டின் ஒலிப்பதிவு உரிமை பெரும்பாலும் ஆடியோ கம்பெனியிடம் இருக்கும், "நீங்கள் உரிமையாளரா?" என்ற கேள்வியிலேயே முடிந்துவிடும். நீங்கள் போக வேண்டியது தனியுரிமைப் புகார் படிவம். ஏஐ-யால் உங்கள் முகமோ குரலோ போலச் செய்யப்பட்டது என்று அங்கே சொல்ல வழி இருக்கிறது. ரசிகர் மன்றம் போடக்கூடாது, நீங்களே போட வேண்டும். கூடவே அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பி, 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் 3(2)(பி) என்று எழுதுங்கள். ஆள்மாறாட்டப் புகாருக்கு அந்த விதி 24 மணி நேரம் கொடுத்தது, 2026 பிப்ரவரித் திருத்தம் அதை இன்னும் சுருக்கியிருக்கிறது. "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு தானியங்கிப் பதில் வரும். முடிவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம். அந்த 30 நாளைக் கோட்டை விடாதீர்கள்.

போலீஸ். 1930 பணமோசடிக்கான எண். உங்கள் குரலில் பேசி யாரிடமாவது பணம் பறித்திருந்தால் மட்டும் அங்கே கூப்பிடுங்கள். மற்றதற்கு சைபர் கிரைம் இணையதளம் அல்லது நேரில் மனு. ஸ்டேஷனில் மூன்று பதில் தயாராக இருக்கும். "இது சிவில் கேஸ்" என்றால்: பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 63-ன் கீழ் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. நிகழ்த்துநர் உரிமைக்கும் அந்தப் பிரிவு பொருந்தும். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியிருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி-யும் உண்டு. "எங்க லிமிட் இல்ல" என்றால்: ஜீரோ எஃப்ஐஆர் எங்கும் போடலாம். "நாளைக்கு வாங்க" என்றால் மனுவுக்கு ரசீது கேளுங்கள். ரசீது என்றதும் குரல் மாறும், பார்த்திருக்கிறேன். அப்படியும் பதியாவிட்டால் மனுவைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள்.

பாடகர்கள், இசைக்கலைஞர்களுக்கு இசாம்ரா என்ற சங்கம் இருக்கிறது. ராயல்டி வசூலித்துப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை, உறுப்பினராகச் சேர்ந்திருக்க வேண்டும். டப்பிங் கலைஞர்கள் அங்கே அலைய வேண்டாம், உங்கள் யூனியனிடம் எழுத்தில் மனு கொடுங்கள்.

இறந்தவர்களின் குடும்பத்தினர்தான் அதிகம் அலைக்கழிக்கப்படுகிறார்கள். ஏ.ஆர். ரஹ்மான் 2024-ல் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐ-யில் கொண்டுவந்தபோது குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அது நல்ல வழக்கம், ஆனால் அப்படிச் செய்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் வரி இல்லை. ஒருவரின் தனியுரிமையும் நற்பெயரும் வாரிசுக்கு வராது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அதனால் அப்பாவின் குரல் என்று மட்டும் போய் நிற்காமல், அவர் பாடின பதிவுகளின் 50 வருஷ உரிமையைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். ஒப்பந்தம், ராயல்டி ரசீது எதுவானாலும் தேடி எடுங்கள்.

கோர்ட் என்றால் பம்பாய், டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 62-ன்படி நீங்கள் குடியிருக்கும் ஊர் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். வணிக வழக்காகப் போனால் முதலில் சமரசத்துக்குப் போகச் சொல்வார்கள், அவசரத் தடை கேட்டால் அது தேவையில்லை. வக்கீலிடம் இதை நீங்களே ஞாபகப்படுத்துங்கள். ஃபீஸ் இல்லையென்றால் சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வருமானச் சான்றிதழ் கொண்டுவா என்று திருப்பி அனுப்பினால், சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 12 என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்காருங்கள்.