தபாலுக்குக் கூடுதல் காசு: கையெழுத்துக்கா, ரசீதுக்கா?

ரெஜிஸ்டர் தபால் ரசீதை உருப்படியாகக் காட்ட முடியாமல் வக்கீலான என்னிடம் வந்து நிற்பவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். பொறுமை போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சொந்தக்காரர் ஒருவருக்கு 4 லட்சம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறார். அவர் தந்த செக், கணக்கில் பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டது. வக்கீலுக்கு எதற்குத் தண்டம் அழ வேண்டும் என்று இவரே உட்கார்ந்து நோட்டீஸ் எழுதினார். 5 ரூபாய் ஸ்டாம்பு ஒட்டித் தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, பதில் வரும் என்று காத்திருந்தார். நோட்டீஸின் நகலைக் காட்டினார். சும்மா சொல்லக் கூடாது, என்னைவிட நன்றாகவே எழுதியிருந்தார். தேதி, செக் நம்பர், தொகை எல்லாம் சரி.

"அனுப்பினதுக்கு ரசீது இருக்குங்களா ஐயா?"

"என் கையாலதான் பெட்டியில போட்டேன், வக்கீல் சார்."

பெட்டி வந்து சாட்சி சொல்லுமா?

செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்த பிறகு பணம் கட்ட 15 நாள் அவகாசம். கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். செக் திரும்பியதற்காகப் போடும் இந்த 138-ஆம் பிரிவு வழக்கு முழுக்க இப்படி நாள் கணக்கில் ஓடுவது. சாதாரணத் தபாலில் அனுப்பினால் செல்லாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் எதிர்தரப்பு "எனக்கு ஒன்றும் வரவில்லையே" என்று கை விரித்தால், அனுப்பினேன் என்று காட்ட இவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. செக்கை இன்னொரு முறை வங்கியில் போட்டுப் புதிதாக நோட்டீஸ் விடலாம் என்றால், செக்கின் மூன்று மாத ஆயுளும் முடிந்திருந்தது. மிச்சம் இருப்பது பணம் கேட்டு சிவில் வழக்கு. கோர்ட் கட்டணம் 3 சதவீதம், அதாவது 12,000 ரூபாய். தபாலில் அவர் மிச்சம் பிடித்தது ஐம்பது ரூபாய்க்குச் சற்று மேலே இருக்கும்.

ஆகவே "ரெஜிஸ்டர் தபாலுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசு தேவைதானா சார்?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: சட்டத்தோடு சம்பந்தப்பட்ட எந்தக் காகிதத்துக்கும் தேவை. எதற்காகத் தேவை என்பதில்தான் ஊரே குழம்பிக் கிடக்கிறது.

அந்தக் காசு எதிராளியின் கையெழுத்துக்கான விலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதிலிருந்து இன்னொரு விபரீதமும் கிளம்புகிறது: கையெழுத்துப் போட்டால்தானே வந்ததாக அர்த்தம், வாங்காமலே திருப்பிவிட்டால்? டீக்கடையில், திண்ணையில், இப்போது வாட்ஸப்பில் எல்லாம் இந்த யோசனையை இலவசமாக வழங்குகிறார்கள். நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கேட்கிறேன். "வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு சார், நான் வாங்கலையே" என்று பெருமையாகச் சிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம், பிரிவு 27. சரியான முகவரி எழுதி, உரிய கட்டணம் கட்டி, பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டால், வழக்கமாகக் கடிதம் போய்ச்சேரும் நேரத்தில் அது சார்வானதாகவே, அதாவது உரியவரிடம் முறைப்படி சேர்ந்ததாகவே, எடுத்துக்கொள்ளப்படும். பழைய சாட்சியச் சட்டத்தின் 114, இப்போதைய பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தின் 119, இரண்டும் அதே திசையில்தான் பேசுகின்றன: அலுவலக வேலைகள் வழக்கப்படி நடந்திருக்கும் என்று கோர்ட் அனுமானிக்கலாம். போஸ்ட்மேன் வந்தார், நீங்கள் மறுத்தீர்கள், அவர் கவரின் மேல் 'வாங்க மறுத்தார்' என்று எழுதித் திருப்பினார். அந்த நிமிடமே நோட்டீஸ் உங்களுக்குச் சார்வாகிவிட்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தீர்கள். அவர் அறிவிப்புச் சீட்டைப் போட்டுவிட்டுப் போனார், தபால் ஆபீஸில் ஒரு வாரம் கிடந்தது, நீங்கள் எட்டிப் பார்க்கவில்லை, 'கேட்டு வாங்கவில்லை' என்று திரும்பியது. அதுவும் சார்வுதான். உச்ச நீதிமன்றம் 1999-இலேயே இதைச் சொல்லிவிட்டது. 2007-இல் அலவி ஹாஜி என்ற செக் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து மறுபடியும் சொன்னார்கள். நோட்டீஸ் உண்மையிலேயே வரவில்லை என்றால், கோர்ட் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டு வந்து பேசு, கட்டாதவன் நோட்டீஸ் வரவில்லை என்று வாதாட முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

இது உடைக்கவே முடியாத அனுமானமும் இல்லை. அந்தத் தேதியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தீர்கள், அந்த முகவரியை விட்டு எப்போதோ போய்விட்டீர்கள் என்றால் தாராளமாகக் காட்டலாம். ஆனால் காட்ட வேண்டிய பாரம் உங்கள் தலையில். வாங்காமல் விட்டதில் நீங்கள் சம்பாதித்தது ஒன்றுதான்: உள்ளே என்ன எழுதியிருந்தது என்று தெரியாமல் வழக்கைச் சந்திக்கும் பாக்கியம். நோட்டீஸை வாங்கினால் ஒப்புக்கொண்டதாக ஆகாது. வாங்குங்கள், படியுங்கள், பதில் கொடுங்கள். இதைக் கெஞ்சிக்கூடக் கேட்கிறேன்.

அனுப்புகிறவர்கள் பக்கம் வருவோம். நீங்கள் கூடுதல் காசு கொடுத்து வாங்குவது எதிராளியின் கையெழுத்தை அல்ல. அனுப்பியதற்கான ரசீதையும், கொண்டுபோய்க் கொடுக்க முயன்றதாக மூன்றாவது மனிதர் ஒருவர் எழுதிவைக்கும் பதிவையும். என் கேஸ் கட்டுகளில் கையெழுத்தோடு வந்த ஒப்புகை அட்டைகளைவிட, முழுசாகத் திரும்பிவந்த கவர்கள்தான் அதிக வேலை செய்திருக்கின்றன. திரும்பி வந்த கவரைத் தயவுசெய்து பிரிக்காதீர்கள். ஆவலில் கிழித்துக்கொண்டு வருகிறார்கள். ஒட்டிய கவர் ஒட்டியபடி கோர்ட்டுக்குப் போக வேண்டும். "வெறும் கவர்தான் வந்தது, உள்ளே ஒன்றுமில்லை" என்று சொல்லும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. அவர்களுக்கு நான் ரசீதில் உள்ள எடையைக் காட்டுவேன். வெறும் கவர் 20 கிராம் இருக்காது.

கட்டணம். 2025 செப்டம்பர் 1 முதல் ரெஜிஸ்டர் தபால் தனிச் சேவையாக இல்லை, ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். அக்டோபர் 1 முதல் புதிய கட்டணம்: 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47. அதன்மேல் 'பதிவு' வேண்டுமென்றால் 5 ரூபாய். 18 சதவீத வரியும் சேர்ந்தால் வெளியூர்க் கடிதம் ஒன்று 60 ரூபாயைத் தாண்டும். முன்பு பாதி விலைக்கு நடந்த காரியம். மாதம் நாற்பது நோட்டீஸ் விடும் எங்களுக்கும் வலிக்கத்தான் செய்கிறது. வலித்தாலும் அந்த 5 ரூபாயில் கை வைக்காதீர்கள். பதிவு போட்டால்தான் கடிதம் முகவரிதாரரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோ போக வேண்டும் என்பது விதி. பிரிவு 27 பேசுவதும் பதிவுத் தபாலைப் பற்றித்தான். நாளை எதிர்தரப்பு வக்கீல் "இது வெறும் ஸ்பீடு போஸ்ட்தானே" என்று எழுந்து நிற்க நாமே ஏன் நாற்காலி போட்டுக் கொடுக்க வேண்டும்?

பக்கத்திலேயே ஓடிபி விநியோகம் என்று இன்னொரு 5 ரூபாய் வசதி இருக்கும். எதிராளிக்கு அனுப்பும் நோட்டீஸுக்கு அது ஆகாது. உங்கள் நோட்டீஸை வாங்க அவர் ஓடிபி சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாரா?

வயதானவர்கள் சிலர் இன்னும் "சர்டிபிகேட் ஆஃப் போஸ்டிங் வாங்கிடலாமே" என்கிறார்கள். கடிதத்தைத் தபாலில் சேர்த்ததற்குத் தபால் ஆபீஸ் தந்த அந்தச் சான்று 2011-இலேயே நின்றுபோனது.

எதற்குத் தேவையில்லை? கல்யாணப் பத்திரிகைக்கு வேண்டாம். நகை, விலை உயர்ந்த பொருளுக்கு வெறும் பதிவு மட்டும் போதவே போதாது. ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கட்டிய கட்டணத்தில் இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் இழப்பீடு. பொருளுக்கு இன்ஷூரன்ஸ் போடுங்கள், இல்லையென்றால் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். தகவல் கேட்கும் ஆர்.டி.ஐ. மனு, நிறுவனத்துக்குப் புகார், ராஜினாமாக் கடிதம், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் எல்லாம் நோட்டீஸ் கணக்கில்தான் சேர்த்தி. ஆர்.டி.ஐ. மனு என்றைக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியாமல், பதிலுக்கான 30 நாளை எங்கிருந்து எண்ணுவீர்கள்?

கவுண்டருக்குப் போகும்முன்: முகவரியைச் சரிபாருங்கள். எதிராளி வீடு மாறியது தெரிந்தும் பழைய முகவரிக்கு அனுப்பிவிட்டு, சார்வானது என்று என்னிடம் வந்து நிற்காதீர்கள். 'சரியான முகவரி' இல்லையென்றால் மேலே சொன்ன சட்டம் எதுவும் உங்களைக் காப்பாற்றாது. சந்தேகமா, இரண்டு முகவரிக்கும் அனுப்புங்கள். ஒப்புகை வேண்டுமென்று வாயைத் திறந்து கேளுங்கள். ரசீதில் பெயரும் பின்கோடும் சரியா என்று கவுண்டரை விட்டு நகரும்முன் பாருங்கள். நாலு நாள் கழித்து இணையத்தில் அந்த நம்பரைப் போட்டு, 'விநியோகிக்கப்பட்டது' என்று வரும் பக்கத்தை அன்றைக்கே அச்செடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடினால் அங்கே இருக்கும் என்று நம்பாதீர்கள்.

அப்புறம் அந்த ரசீதை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். சென்ற வாரம் ஒருவர், மூன்றாவது ஆள் என்றேனே, அவருக்கு முன்னால் வந்தவர், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தார். ரசீதை மட்டும் பைக்கின் டேங்க் கவரில் வைத்து இரண்டு மாதம் வெயிலில் சுற்றியிருக்கிறார். அது ரசீது என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு எண்ணாவது தெரிகிறதா என்று நானும் குமாஸ்தாவும் அதை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.