கூழும் அல்ல, பல்பும் அல்ல

சென்ற மாதம் ஒரு திரையிடலுக்குப் போயிருந்தேன். 1994-இல் வெளிவந்த குவென்டின் டாரன்டினோவின் 'பல்ப் ஃபிக்‌ஷன்' படம். அறிமுக உரை ஆற்றியவர் நன்றாகப் படித்தவர், படத்தை ஊன்றிப் பார்த்தவர். ஆனால் வாய்க்கு வாய் 'கூழ்ப் புனைவு' என்றார். கூழ்ப் புனைவு மரபு, கூழ்ப் புனைவு அழகியல், கூழ்ப் புனைவுக் கதைமாந்தர்! பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் என் காதருகே குனிந்து, "பஞ்ச காலத்துப் படமா? கஞ்சித்தொட்டி எல்லாம் காட்டுவார்களா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். கொஞ்ச நேரத்தில் திரையில் இரண்டு கூலிக் கொலையாளிகள் பாரிஸில் ஹாம்பர்கருக்கு என்ன பெயர் என்று அளவளாவிக்கொண்டே ஆளைச் சுடப் போனபோது, அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

இந்த மொழிபெயர்ப்பை நான் கேட்பது இது முதல்முறையாக இருந்திருந்தால் விட்டிருப்பேன். இதழ்களில், முன்னுரைகளில், பின்னட்டைகளில் எல்லாம் இது ஏறி உட்கார்ந்துவிட்டது. பாதிப்பேர் 'கூழ் புனைவு' என்று ப் போடாமலே எழுதுகிறார்கள். சொல்லே தவறு என்னும்போது ஒற்றுக்காக அழுவதில் பயனில்லை.

'பல்ப்' என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலத்தீனில் 'புல்ப்பா' என்றால் சதை. உடம்பின் சதை, பழத்தின் சதை இரண்டும். அது ஆங்கிலத்துக்கு வந்து, மசித்துக் குழைந்த எதற்கும் பெயராயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரத்தை அரைத்துக் காகிதம் செய்யும் முறை பரவியபோது அந்தக் குழைவுக்கும் அதே பெயர். 1896-இல் ஃபிராங்க் மன்சி என்ற அமெரிக்கப் பதிப்பாளர் தம் 'ஆர்கோசி' இதழை முழுக்க முழுக்கக் கதைகளாக்கி, ஆக மலிவான மரக்கூழ்க் காகிதத்தில் அச்சிட்டுப் பத்து சென்ட்டுக்கு விற்றார். அது ஓடியது, மற்றவர்களும் பின்னால் ஓடினார்கள். துப்பறிவாளர், கௌபாய், கடற்கொள்ளை, பேய், வேற்றுக்கிரகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இதழ். ஓரம் வெட்டாத, சீக்கிரம் பழுத்துப் பொடியும் தாள். உள்ளே இருப்பதைவிடக் கொடூரமான வண்ண அட்டை. இவற்றுக்குத்தான் 'பல்ப்' என்று பெயர். வழவழப்பான தாளில் வந்த கௌரவமான இதழ்களுக்கு எதிர்ப்பெயராக 'ஸ்லிக்'. இரண்டு பெயர்களும் தாளைத் தடவிப் பார்த்து வைத்தவை.

1920-இல் தொடங்கிய 'பிளாக் மாஸ்க்' இதழில்தான் டாஷியல் ஹாம்மெட் போன்றவர்கள் எழுதினார்கள். வசனம் கத்தியாகப் பாயும் குற்றக் கதை அங்கே உருவாயிற்று. டாரன்டினோ தம் படத்துக்கு முதலில் யோசித்த பெயரும் 'பிளாக் மாஸ்க்'தான். இரண்டாம் உலகப் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாடும், பின்னாலேயே வந்த பாக்கெட் அளவுப் புத்தகங்களும் அந்த இதழ்களை ஒழித்துவிட்டன. பெயர் மட்டும் ஒரு கதைப்பாணிக்குத் தங்கிவிட்டது.

ஆக, சொல் பல படி தாண்டி வந்திருக்கிறது: சதை, குழைவு, தாள், இதழ், கதை, பாணி. மொழிபெயர்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, சொல் இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்பதை. நம் அன்பர்கள் இரண்டாம் படியிலேயே இறங்கி, அங்கே ஒரு பாத்திரம் கூழைப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அவர்கள் பக்கத்தில் ஒரு நல்ல வாதம் உண்டு. அதை மறைக்க மாட்டேன். படம் தொடங்கும்போதே திரையில் அகராதிப் பதிவு ஒன்று வருகிறது. அதில் முதல் பொருள், 'மென்மையான, ஈரமான, உருவமற்ற பிண்டம்'. இரண்டாவது பொருள்தான் சொரசொரப்பான தாளில் அச்சிட்ட, பரபரப்புச் சரக்குள்ள இதழ் அல்லது புத்தகம். "இயக்குநரே கூழ் என்கிறார், உங்களுக்கு என்ன வந்தது?" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார்.

எனக்கு வந்தது இதுதான். அந்தப் பதிவு ஒரு நகைச்சுவை. 'உருவமற்ற பிண்டம்' என்று அறிவித்துவிட்டு, அவர் காட்டுவது நூல் பிடித்தாற்போல் அளந்து கட்டிய படம். ஒரு காபிக் கடையில் இளஞ்ஜோடி துப்பாக்கியை உருவும் இடத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி வந்து அதே கடையில் அதே காலைப்பொழுதில் முடிகிறது. நடுவில் குத்துச்சண்டைக்காரனின் வீட்டில் சுடப்பட்டுச் செத்த வின்சென்ட் (அந்தக் கூலிக் கொலையாளிகளில் ஒருவன்), கடைசிக் காட்சியில் அரைக்கால் சட்டையோடு அந்தக் கடையிலிருந்து வெளியே நடந்து போகிறான். அப்பாவின் கடிகாரம், முதலாளியின் பெட்டி, மேசையில் ஆறும் காபி, ஒவ்வொன்றும் ஒரு கதையிலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணி. இதில் எங்கே கூழ்? தலைப்பின் இரண்டாவது சொல்லையும் பாருங்கள். 'ஃபிக்‌ஷன்' என்பதன் இலத்தீன் வேருக்குப் பிசைந்து உருவாக்குவது என்று பொருள். உருவமற்றதும் உருவாக்கியதும் ஒரே தலைப்பில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. தமிழில் 'கூழ்' என்றதும் இந்த முட்டல் காதில் விழுகிறதா? எனக்குப் பசிதான் எடுக்கிறது.

அங்கேதான் என் முதன்மையான எதிர்ப்பு. கூழ் என்பது தமிழில் வெறும் குழைவு அல்ல, அது சாப்பாடு. 'படைகுடி கூழ்அமைச்சு நட்பரண்' என்று அரசுக்குரிய ஆறு உறுப்புகளில் ஒன்றாக வள்ளுவர் அதை வைக்கிறார். அங்கே கூழ் என்றால் செல்வம். தம் மக்கள் சிறுகை அளாவிய கூழ் அமிழ்தைவிட இனிது என்கிறார். ஔவையைக் கூழுக்குப் பாடியவள் என்கிறோம். ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றுவதும் கூழ்தான். 'கூழானாலும் குளித்துக் குடி' என்ற பழமொழியில் ஏழ்மை உண்டு, ஆனால் இழிவு இல்லை, மானம்தான் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் உயிரே அதன் இழிவில் இருக்கிறது. கழிசடைத் தாளில் வந்த கழிசடைக் கதை என்று வசையாக எறியப்பட்டு, பிறகு எழுதியவர்களாலேயே பெருமையாகச் சட்டையில் குத்திக்கொள்ளப்பட்ட சொல் அது. அந்த இடத்தில் குழந்தை கை வைத்த கூழைக் கொண்டுபோய் வைப்பது என்ன நியாயம்?

மரக்கூழ், காகிதக்கூழ் என்று ஆலைகளில் சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. அங்கே முன்னால் ஒரு சொல் நின்று காவல் காக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் கூழ் மறுபடி சட்டிக்குப் போய்விடும். மூலப்பொருளைத்தான் பெயராக்குவேன் என்று அடம்பிடித்தால் ஒன்று சொல்கிறேன்: கரூர் மாவட்டம் புகழூரில் இருக்கும் அரசுக் காகித ஆலை, கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்து பெயர் வாங்கியது. அந்தக் கணக்கில் நமக்குப் பொருத்தமானது 'சக்கைப் புனைவு'. சக்கைப்போடு போட்ட கதைகளுக்குச் சரியாகவும் இருக்கும்!

அப்படியானால் ஒலிபெயர்த்து 'பல்ப்' என்றே வைத்துக்கொள்ளலாமே என்கிறார்கள். படத்தின் பெயருக்குச் சரி. பெயரைப் பெயராக விடலாம். வகையின் பெயருக்கு ஆகாது. தமிழ் எழுத்தில் வல்லின ப ஒன்றுதான். 'பல்ப் கதைகள்' என்று அட்டையில் அச்சிட்டால் வாசகர் நினைவில் எரிவது குண்டு பல்பு. 2008-இல் சென்னைப் பதிப்பகம் ஒன்று தமிழ் மாத நாவல்களிலிருந்து ஒரு தொகுப்பை ஆங்கிலத்தில் வெளியிட்டு, தலைப்பில் அந்த ஆங்கிலச் சொல்லைப் போட்டது. ஆங்கில வாசகருக்கு அது பொருத்தமே. ஆனால் அதற்குப் பிறகு, பஸ் நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய நம் சொந்தச் சரக்கை நாமே 'பல்ப்' என்று அழைப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. வீட்டுப் பிள்ளையை அடுத்த வீட்டுக்காரர் வைத்த செல்லப்பெயரால் கூப்பிடுவதுபோல.

வேறு சொற்களும் புழங்குகின்றன. 'வெகுஜன எழுத்து' மிக அகலம். வார இதழ்க் குடும்பத் தொடரும் அதில் அடங்கிவிடும். 'மலிவு இலக்கியம்' என்பது தீர்ப்பு, பெயர் அல்ல. 'மஞ்சள்' என்றால் தமிழில் வேறு விஷயம், அந்தப் பக்கம் போகாதீர்கள். 'சதை' இலத்தீன் வேருக்கு மிக நெருக்கம், ஆனால் 'சதைக் கதை' என்று போட்டால் கடைக்காரர் புத்தகத்தை உறைக்குள் வைத்துத்தான் தருவார். என்னைத் தடுமாற வைத்தது ஒன்றுதான்: வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி நிலைநிறுத்திய 'முச்சந்தி இலக்கியம்'. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் அச்சாகி, தெருவில் பாடி விற்கப்பட்ட கொலைச் சிந்துகளும் அவை போன்றவையும் அதில் அடக்கம். மலிவுத் தாள், இரத்தம், பரபரப்பு எல்லாம் இருக்கின்றன. ஆனால் அது பாட்டு, பல்ப் உரைநடை. அது விற்ற இடத்தால் பெயர் பெற்றது, இது தாளால். ஏற்கெனவே ஒரு வேலை பார்க்கும் நல்ல சொல்லுக்கு இரண்டாவது வேலை கொடுத்து அதைக் களைப்படையச் செய்வானேன்?

என் சொல் சாணித்தாள். நான் கண்டுபிடித்தது அல்ல. பழைய காமிக்ஸ் சேர்ப்பவர்கள், பாக்கெட் நாவல் படித்து வளர்ந்தவர்கள், அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சொல். காய்ந்த வரட்டி நிறம், நகம் பட்டால் கிழியும், பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரியும். ராஜேஷ்குமாரையும் சுபாவையும் பட்டுக்கோட்டை பிரபாகரையும் நான் படித்தது அந்தத் தாளில்தான். 'சாணித்தாள் கதை' என்றதும் தாளின் மணத்தோடு அட்டைப்படத்துக் கத்தியும் ஞாபகம் வருகிறது. இழிவும் இருக்கிறது, பாசமும் இருக்கிறது. சாணி என்று வருகிறதே, அவையில் சொல்லலாமா என்று கூசுகிறவர்களுக்கு: அந்தக் கூச்சம்தான் வேண்டும். அமெரிக்கரும் தம் சொல்லை அவையில் சொல்லக் கூசிய காலம் உண்டு.

நம் திரைப்பட எழுத்துகளில் இந்தக் கோளாறு ஒரு சொல்லோடு நிற்பதில்லை. அகராதியைத் திறப்பது, முதல் பொருளைப் பிடுங்குவது, மூடுவது. பெரிய ஸ்டுடியோக்களின் பிடியில் இல்லாதது என்ற பொருளில், இந்தப் படத்தைச் 'சுயாதீனப் படம்' என்று திரையிடலின் துண்டறிக்கையில் போட்டிருந்தார்கள். படத்தை வெளியிட்ட மிராமாக்ஸ் நிறுவனத்தை அதற்கு முந்தைய ஆண்டே டிஸ்னி வாங்கிவிட்டது. எதிலிருந்து சுயாதீனம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அடுத்த பத்தியில் 'மீயிணைப்புச் சினிமா'. பல கதைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் படங்களுக்கு அமெரிக்க விமர்சகர் ஒருவர் 2005-இல் வைத்த 'ஹைப்பர்லிங்க்' என்ற பெயரின் நேர்ப்பெயர்ப்பு. தறி ஓடும் ஊர்களில் பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றன் மேலும் கீழுமாகப் போவதைப் பார்த்தவர்களுக்கு 'ஊடுபாவுக் கதை' என்றால் உடனே விளங்கும். ஆனால் எளிதாக விளங்கினால் அது கலைச்சொல் ஆகாதே!

ஒன்றை மட்டும் முன்கூட்டியே ஒத்துக்கொள்கிறேன். வேற்றுமைப் புணர்ச்சியில் ளகரம் டகரமாகும், எனவே 'சாணித்தாட்கதை' என்று எழுத வேண்டும் என்று இலக்கணம் அறிந்தவர் யாராவது கடிதம் எழுதுவார். அவர் சொல்வது சரி. நான் இடம் விட்டு 'சாணித்தாள் கதை' என்றுதான் எழுதப்போகிறேன்.