வீட்ல செவுத்துக்கு பட்டி தேய்க்கிறாங்களா? முதல்ல டிவி, கம்ப்யூட்டரோட ப்ளக்க புடுங்குங்க, அப்புறம் மூடுங்க

சர்வீஸுக்கு வர்ற சிபியூவ கழட்டின உடனே தெரிஞ்சிடும், இந்த வீட்ல இப்பதான் வேலை நடந்திருக்குன்னு. சாதாரண வீட்டு தூசின்னா முடியும் நூலுமா திரண்டு நிக்கும், ஊதினா போயிடும். பட்டி தூசி அப்படி இல்ல, மாவு மாதிரி வெள்ளையா ஹீட் சிங்க்கோட (சூட்ட வெளியேத்துற உலோகத் தகடு) இடுக்கு முழுக்க அப்பியிருக்கும், அதுல கொஞ்சம் ஈரக்காத்து பட்டுச்சுன்னா இறுகிடும், பிரஷ்ஷ வச்சு சுரண்டித்தான் எடுக்கணும். சிமெண்ட் கலந்த தூசிக்கு காரத்தன்மை வேற இருக்கு, ஈரத்தோட சேர்ந்து போர்டுல உக்காந்துட்டா மெதுவா அரிக்க ஆரம்பிச்சிடும்.

"மூடித்தானே சார் வச்சிருந்தோம்"னு எல்லாரும் சொல்வாங்க. மூடியிருப்பாங்க, ஆனா உள்ள ஓடிட்டு இருந்திருக்கும். மோடம், செட்டாப் பாக்ஸ் மேல பிளாஸ்டிக் கவர் போட்டு ஆன்லயே விட்டா சூடு வெளிய போக வழியில்ல, தூசி செய்யாத கெடுதல அந்த கவர் செஞ்சிடும். அதனால ஆஃப் பண்ணி, ப்ளக்க புடுங்கி, சூடு ஆறினப்புறம் மூடுங்க. முடிஞ்சா பொருளயே வேற ரூமுக்கு மாத்தி கதவுக்கு அடியில ஈரத்துணிய சொருகிடுங்க, இதவிட நல்ல வழி கிடையாது. ஃபிரிட்ஜையும் தள்ளி வைங்க, அத ஓட விட்டுட்டு சுத்திக் கட்டவே கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரியையும் அப்படித்தான், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கேஸ் வரும், காத்தோட்டம் இருந்தே ஆகணும்.

ஏசிய பத்தி தனியா சொல்லணும். வெக்கையா இருக்குன்னு வேலை நடக்கும்போதே போட்டு விடுறாங்க. அதுல இருக்கற வலை ஃபில்டர் பெரிய தூசியத்தான் பிடிக்கும், பொடி தூசி நேரா உள்ள காத்த குளிர வைக்கிற காயில்ல போய் உக்காரும், அங்க எப்பவும் தண்ணி கசிஞ்சிட்டே இருக்கும், ரெண்டும் சேர்ந்து சேறாகி டிரெயின் பைப்ப அடைச்சிட்டு செவுத்துல தண்ணி ஒழுகும்.

டிரில்லிங், செவுரு உடைக்கிறதுன்னா ஹார்ட் டிஸ்க் இருக்கற கம்ப்யூட்டர கண்டிப்பா ஆஃப் பண்ணிடுங்க, தூசியவிட அதிர்வுதான் அதுக்கு ஆபத்து. உள்ள சுத்துற தட்டு இல்லாத எஸ்எஸ்டின்னா அந்த பயம் இல்ல.

வேலை முடிஞ்ச அன்னிக்கே கவர உருவி டிவிய போட்டுடாதீங்க. பொடி தூசி மணிக்கணக்குல காத்துல மிதந்துட்டே இருக்கும், நாம படம் பாக்குற நேரத்துல பொறுமையா இறங்கும். ஒருநாள் விட்டு, கூட்டாம ஈரத்துணியில தரைய துடைச்சிட்டு அப்புறம் கவர உள்பக்கமா சுருட்டி எடுங்க, உதறினீங்கன்னா மூடினதுக்கே அர்த்தம் இல்ல. டிவி ஸ்கிரீன காஞ்ச துணியால தேய்க்கவே கூடாது. டைல்ஸ் வெட்டின தூசியில குவார்ட்ஸ் துகள் இருக்கும், அது கண்ணாடியவிட கடினம், ஒரு இழுப்புல கோடு விழுந்திடும். முதல்ல சாஃப்ட் பிரஷ்ல லேசா தட்டி விடுங்க, அப்புறம் கொஞ்சமா ஈரம் பண்ணின மைக்ரோ ஃபைபர் துணி.

கம்ப்யூட்டர ஊதி க்ளீன் பண்றவங்க ஃபேன் றெக்கைய ஒரு விரலால பிடிச்சுக்கங்க, காத்து வேகத்துல தாறுமாறா சுத்தினா பேரிங் போயிடும். க்ளீன் பண்ணி ஆன் பண்ணின பிறகும் ஃபேன் இரைஞ்சிட்டே இருந்துச்சுன்னா ஹீட் சிங்க்ல இன்னும் அடைப்பு இருக்கலாம், உடனே ஆஃப் பண்ணிட்டு கழட்டி க்ளீன் பண்ண குடுத்திடுங்க.