இளம் வயது மனச்சோர்வு இதயத்தை எப்படித் தொடுகிறது?

மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் அவருடைய நாடி நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை ஓடும். அறுவைச் சிகிச்சையில் நரம்பு இணைப்பு அறுபட்டுவிடுவதால், இதயம் தன் இயல்பான வேகத்திலேயே துடிக்கிறது. மற்றவர்களுக்கு அது 60, 70 என்று அடங்கியிருக்கக் காரணம், மூளைத்தண்டிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு. மூச்சை இழுக்கும்போது இந்தக் கடிவாளம் சற்றுத் தளரும், துடிப்பு வேகமெடுக்கும். மூச்சை விடும்போது இறுகும், துடிப்பு மெதுவாகும். அதனால் நலமான இதயம் கடிகாரம் போல ஒரே சீராகத் துடிப்பதில்லை. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே ஒருமுறை 820 மில்லிவினாடி, அடுத்தமுறை 870 என்று இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும்.

மனச்சோர்வு உள்ளவர்களிடம் இந்த ஏற்ற இறக்கம் சராசரியாகக் குறைந்து காணப்படுகிறது. கடிவாளத்தின் பிடி தளர்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள். தேர்வுக்கு முன் வரும் பதற்றத்தையும் ‘மன அழுத்தம்’ என்கிறோம், இந்த நோயையும் அப்படியே சொல்லிவிடுகிறோம். இங்கே பேசுவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும், எதிலும் நாட்டமில்லாத நிலையைப் பற்றி. இந்த ஏற்ற இறக்கத்துக்குக் கைக்கடிகாரம் காட்டும் ஒருநாள் எண்ணை வைத்து மனச்சோர்வை முடிவுசெய்யக் கூடாது. காய்ச்சல், மது, தூக்கமின்மை எல்லாமே அந்த எண்ணைக் குறைக்கும். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மனச்சோர்வு மருந்துகளும் குறைக்கும்.

நரம்போடு விஷயம் முடிவதில்லை. மனச்சோர்வில் பலருக்கு, அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோன் இரவிலும் போதிய அளவு இறங்குவதில்லை. வயிற்றுக்குள் கொழுப்பு சேரவும் சர்க்கரை ஏறவும் இது வழிவிடுகிறது. அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் பலருக்குக் கூடுதலாக இருக்கிறது. இரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும் இயல்பு பெறுகின்றன. மனச்சோர்வு மருந்துகள் பல குறிவைக்கும் செரடோனின் என்ற வேதிப்பொருள், இரத்தத்தில் உள்ள அளவில் ஏறக்குறைய முழுவதும் இந்தத் தட்டணுக்களுக்குள்தான் இருக்கிறது என்பதால், மனநல மருந்துகள் உறைதலையும் தொடுவதில் வியப்பில்லை. செர்ட்ராலின் வகை மனச்சோர்வு மருந்து எடுப்பவர் வலி மாத்திரையான ஐபுப்ரோஃபென் சேர்த்து விழுங்கினால் இரைப்பையில் இரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும்.

‘இருபது வயதில் இதயத்துக்கு என்ன வந்துவிடப் போகிறது’ என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சான்று. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் உடற்கூறு ஆய்வு 1953இல் வெளியானது. சராசரி வயது 22. அவர்களில் 77 சதவீதத்தினரின் இதயத் தமனிகளில் நோயின் அடையாளம் ஏதோவோர் அளவில் தென்பட்டது. தமனிச் சுவரில் கொழுப்புப் படிவு அந்த வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. அந்த ஆண்டுகளில் மனச்சோர்வும் சேர்ந்தால்? பெரும் மனச்சோர்வும், மிகு உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறும் இளையோருக்குத் தமனித் தடிப்பை விரைவுபடுத்தும் காரணிகள் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2015இல் அறிக்கையே வெளியிட்டது.

சோர்ந்த மனம் உடலை நடக்க விடாது, தூங்க விடாது, சிகரெட்டைத் தேடவைக்கும். பாதிப்பில் ஒரு பங்கு இந்த வழியாகவும் வருகிறது. ஆனால் அதைச் சொல்லி நோயாளியைக் குற்றம்சாட்டுவது அநியாயம். எழுந்து நடக்க முடியாமல் போவதே நோயின் அறிகுறி.

மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வைக் கவனித்தால் போதாதா? 2003இல் வெளியான ‘என்ரிச்ட்’ ஆய்வில் மாரடைப்பு வந்த 2,481 பேர் இருந்தார்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அவர்களின் மனநிலையைத் தேற்றியது. ஆனால் இறப்பும் மறு மாரடைப்பும் குறையவில்லை. படிவு முற்றுவதற்கு முன்பே, இளமையிலேயே சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்பதற்கு இது நேரடி நிரூபணம் ஆகாது. என்றாலும் காத்திருக்கக் காரணம் எதுவும் இல்லை என்றே நாங்கள் கருதுகிறோம்.

மனச்சோர்வு உறுதியானதும் இரத்த அழுத்தம், எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை ஒருமுறை பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். ஓலன்சபின், குவெட்டியாபின் ஆகிய மனநல மருந்துகளைத் தொடங்கினால் மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும், ஏனெனில் இவை எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியவை. இரத்த அழுத்தம் அளக்கும் முன் அரைமணி நேரம் காபி கூடாது. ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படிய உட்கார வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். தொங்கவிட்ட கை பொய்யான உயர் அளவைக் காட்டும். 13 வயதுக்கு மேல் 130/80 அல்லது அதற்கு மேல் வந்தால் வேறு நாட்களிலும் அளந்து உறுதிசெய்ய வேண்டும்.

சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மருந்து, அதிக அளவில், ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மின்னளவில் மீண்டும் தயாராக எடுக்கும் நேரத்தை நீட்டும். நாளுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பயந்துபோய் எந்த மருந்தையும் திடீரென நிறுத்தவும் கூடாது, தலைச்சுற்றலும் எரிச்சலும் வரும். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களை, மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் எழுகிறதா என்று உடன் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அந்த எண்ணம் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

படபடப்பு வந்தாலே ‘மனசுதான் காரணம்’ என்று தள்ளிவிடுவது நாங்கள் அடிக்கடி காணும் பிழை. உடற்பயிற்சியின் நடுவே மயக்கம், உழைக்கும்போது நெஞ்சு வலி, குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஈசிஜி எடுத்த பிறகுதான் மனத்தின் மேல் பழி போடலாம்.