பிளாக்ஸ்பிளாய்டேஷன்: யார் யாரைச் சுரண்டினார்கள்?

மூன்று நான்கு வருடங்களுக்கு முன்பு 1970-களின் அமெரிக்கப் படங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். கறுப்பின நாயகர்களை வைத்து, கறுப்பின ரசிகர்களை நம்பி அப்போது எடுத்த வணிகப் படங்களை ‘பிளாக்ஸ்பிளாய்டேஷன்’ என்பார்கள். அந்தச் சொல்லைக் ‘கறுப்பினச் சுரண்டல் படங்கள்’ என்று தமிழாக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். படித்த நண்பர் ஒருவர், “கறுப்பினத்தவர் யாரைச் சுரண்டினார்கள்?” என்று கேட்டார். சுருக்கென்றது. தமிழில் அந்தத் தொடருக்கு அப்படியும் பொருள் வரும்தான். ‘பண்ணையார் சுரண்டல்’ என்றால் பண்ணையார் செய்தது. ‘தொழிலாளர் சுரண்டல்’ என்றால் தொழிலாளருக்கு நேர்ந்தது. வேற்றுமை உருபு மறைந்து நிற்பதால் இரண்டும் ஒரே அச்சில் இருக்கின்றன. அன்றிலிருந்து இந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இது இரண்டு சொற்களை வெட்டி ஒட்டிய சொல். கறுப்பு என்னும் பொருளுள்ள ‘பிளாக்’ ஒன்று, நாம் ‘சுரண்டல்’ என்று எழுதும் ‘எக்ஸ்பிளாய்டேஷன்’ மற்றொன்று. ஒட்டியவர் ஜூனியஸ் கிரிஃபின். கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909-இல் தொடங்கப்பட்ட என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் ஹாலிவுட் கிளைக்கு அவர் தலைவராக இருந்தார். 1972-இல் போதைப்பொருள் விற்பவனை நாயகனாக்கிய ‘சூப்பர் ஃப்ளை’ படம் வந்தபோது கொதித்துப்போய், கறுப்பினத்தவரை வைத்துக் காசு பார்க்கும் இந்தப் போக்குக்கு ஒரு பெயர் வேண்டும் என்று இதைச் சொன்னார். ஆக, பிறக்கும்போதே இது ஒரு குற்றச்சாட்டு. ரசிகர்கள் ஆசையாக வைத்த பெயரும் இல்லை, விமர்சகர்கள் வகுத்த வகைமையும் இல்லை. இன்று டிவிடி அட்டையிலும் திரைப்பட விழா அறிவிப்பிலும் சாதாரணமாக அச்சாகிறது. அந்தக் கோபம் மட்டும் தேய்ந்துபோய்விட்டது.

இரண்டாம் பாதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘எக்ஸ்பிளாய்டேஷன்’ வேரில் ‘விரித்தல்’ என்னும் லத்தீன் சொல் இருக்கிறது. பிரெஞ்சில் அது நிலத்தையோ சுரங்கத்தையோ பயன்படுத்திப் பலன் எடுப்பதைக் குறித்தது. ஒரு விவசாயப் பண்ணையைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள்; அதில் வசை எதுவும் கிடையாது. மனிதரை உறிஞ்சிப் பிழைப்பது என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. ஹாலிவுட் வணிகத்திலோ இதற்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது. அங்கே அது படத்தை விற்பதற்கான ஆரவார விளம்பரம். நம் ஊரில் வண்டியில் தட்டி கட்டி, கொட்டடித்து, நோட்டீஸ் வீசிக்கொண்டு போனார்களே, அந்த மாதிரி வேலை. பெரிய நட்சத்திரம் இல்லாமல் போதை, காமம், வன்முறை என்று ஏதாவது ஒரு சரக்கை மட்டும் நம்பி, குறைந்த செலவில் எடுத்து, இப்படிக் கூவி விற்ற படங்களுக்கு ‘எக்ஸ்பிளாய்டேஷன் படம்’ என்ற பெயர் வந்தது. காமத்தை விற்ற படங்களுக்கு இதே அச்சில் ‘செக்ஸ்பிளாய்டேஷன்’ என்ற சொல் முன்பே இருந்தது. கிரிஃபின் மக்கள் தொடர்பு வேலை பார்த்தவர், இந்தத் தொழில் வழக்கு தெரிந்தவர். இங்கே விற்கப்படும் சரக்கு கறுப்பினம் என்பதையும், இழப்பவர்களும் அவர்களே என்பதையும் ஒரே சொல்லில் வைத்தார். தமிழில் நாம் ‘சுரண்டல்’ என்று எழுதினால் இரண்டாவது மட்டும் வந்து சேர்கிறது. அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டும் சொல்லை இடதுசாரி மேடைகள் எடுத்துக் கூர்மையாக்கிக் கொடுத்தன. அதில் விளம்பரத் தட்டிக்கு இடமில்லை.

சரி, அந்தப் படங்கள் எப்படி இருந்தன? முதலில் அதற்கு முந்தைய நிலைமை. 1940-இல் நடிகை ஹாட்டி மெக்டேனியல் ஆஸ்கர் வாங்கினார், அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர். வாங்கித் தந்த பாத்திரம் வெள்ளையர் வீட்டுப் பணிப்பெண். விருது விழாவிலேயே அவரைத் தம் படக்குழுவோடு உட்கார வைக்காமல் தனி மேசையில் உட்கார வைத்தார்கள். திரையில் கறுப்பினத்தவர் என்றால் சமையற்கட்டு, மூட்டை தூக்குதல், அல்லது பயந்து விழி பிதுங்கிச் சிரிப்பு மூட்டுதல். 1960-களில் சிட்னி பாய்ட்டியே என்ற கறுப்பின நடிகர் பெரிய நட்சத்திரமாக இருந்தார். அவர் பாத்திரங்கள் பெரும்பாலும் மாசு மருவில்லாத நல்லவர்களாக இருக்க வேண்டியிருந்தது.

1971-இல் மெல்வின் வான் பீபிள்ஸ் என்பவர் ‘ஸ்வீட் ஸ்வீட்பேக்ஸ் பேடாஸ் சாங்’ எடுத்தார். எழுதி, இயக்கி, படத்தைத் தொகுத்து, இசையமைத்து, நாயகனாகவும் நடித்தார். பணம் தீர்ந்தபோது நகைச்சுவை நடிகர் பில் காஸ்பியிடம் 50,000 டாலர் கடன் வாங்கினார். கதை இதுதான்: போலீசைத் தாக்கிய ஒரு கறுப்பினத்தவன் ஓடுகிறான், ஓடிக்கொண்டே இருக்கிறான், கடைசியில் தப்பித்துவிடுகிறான். அமெரிக்கத் திரையில் அப்படி ஒருவன் சாகாமல் தப்புவதே புதுசு. முதலில் டெட்ராய்ட்டிலும் அட்லாண்டாவிலும் ஒவ்வொரு தியேட்டர்தான் கிடைத்தது. அங்கிருந்து காட்டுத்தீ போலப் பரவியது. அதன் பெயர் அட்டையில் நடிகர் பெயருக்கு முன்பாக வரும் வாசகம் எனக்கு மறக்கவே மறக்காது: ‘நடிப்பு: கறுப்பினச் சமூகம்’.

அதே வருடம் ஹாலிவுட் ஸ்டுடியோவான எம்ஜிஎம், கறுப்பினத் துப்பறிவாளர் ஒருவரின் கதையான ‘ஷாஃப்ட்’டை வெளியிட்டது. இயக்குநர் கார்டன் பார்க்ஸ், பெயர்பெற்ற கறுப்பினப் புகைப்படக் கலைஞர். முதல் காட்சியைத் தனியாகவே பார்க்கலாம். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கம், குளிர்காலம், இரைச்சல். சுரங்க ரயில் படிக்கட்டிலிருந்து தோல் கோட்டு போட்ட ஒருவர் மேலே வருகிறார். பின்னணியில் தாளத் தட்டு மட்டும் சன்னமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் கிட்டார் வாய் திறந்து மூடிப் பேசுவது போல வந்து சேர்கிறது. அவர் சிக்னலைப் பார்க்கவில்லை. ஓடும் கார்களுக்கு நடுவே நடக்கிறார். முட்ட வந்த காரை அதட்டிவிட்டு அதே நடையில் போகிறார். அவ்வளவுதான் காட்சி. ஆனால் அதுவரை திரையில் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டிருந்த ஓர் இனத்தின் ஆள் நடுத்தெருவில் நடக்கிறார், ஊர் நிற்கிறது. பின்னணியில் ஓடும் அந்தப் பாட்டுக்காக அதை இயற்றிப் பாடிய ஐசக் ஹேய்ஸ் 1972-இல் ஆஸ்கர் பெற்றார். சிறந்த பாடலுக்கான விருதைக் கறுப்பினத்தவர் பெற்றது அதுவே முதல் முறை.

ஸ்டுடியோக்களுக்கு இது உயிர்மூச்சாக வந்தது. வெள்ளையர் குடும்பங்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்துவிட்டதால் நகர நடுவில் இருந்த பெரிய பெரிய தியேட்டர்கள் காற்று வாங்கிக்கொண்டிருந்தன. அவற்றை நிரப்பக்கூடியவர்கள் கறுப்பின ரசிகர்கள் என்று கண்டதும் மளமளவென்று படங்கள் வந்தன. நல்லதும் வந்தது, குப்பையும் நிறைய வந்தது. பல படங்களின் இயக்குநரும் தயாரிப்பாளரும் வெள்ளையர்கள். பணம் அந்தச் சமூகத்தின் பையிலிருந்து கிளம்பி வெளியே போனது. கிரிஃபின் கோபம் இங்கேதான் நியாயமாகிறது.

‘சூப்பர் ஃப்ளை’யின் நாயகன் கொக்கெயின் விற்பவன். கழுத்துச் சங்கிலியில் தொங்கும் சின்னக் கரண்டியால் அதை உறிஞ்சுவான். அவனுடைய காரும் உடையும் அத்தனை அழகாகப் படமாக்கப்பட்டிருக்கின்றன. போதையால் தெருத்தெருவாகப் பிள்ளைகளை இழந்துகொண்டிருந்த சமூகம் அதைப் பார்த்து என்ன நினைத்திருக்கும்? அதே படத்துக்குள் பாடகர் கர்ட்டிஸ் மேஃபீல்டின் பாடல்கள் போதை வியாபாரத்தின் நாசத்தைப் பாடுகின்றன. படம் ஒரு பக்கம் இழுக்க, பாட்டு இன்னொரு பக்கம் இழுக்கிறது. படத்தை இயக்கிய கார்டன் பார்க்ஸ் ஜூனியரும் கறுப்பினத்தவர், எழுதியவரும் கறுப்பினத்தவர். ஒரே சொல்லில் தீர்ப்பெழுத முடியாத இடம் இது.

நடிகர்கள் பலர் இந்தச் சொல்லை ஏற்கவே இல்லை. எங்களுக்குச் சம்பளம் கிடைத்தது, ரசிகர்களுக்குத் தங்கள் நாயகன் கிடைத்தான், இதில் சுரண்டப்பட்டவர் யார் என்று இந்தப் படங்களின் நாயகர்களில் ஒருவரான ஃபிரெட் வில்லியம்சன் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். நடிகை பேம் கிரியர் 1973-இல் ‘காஃபி’ படத்தில், தன் தங்கையைப் போதைக்கு அடிமையாக்கியவர்களைத் தேடிப் பழிவாங்கும் நர்ஸாக வந்தார். ஹாட்டி மெக்டேனியலின் பணிப்பெண் உடையிலிருந்து அங்கே வந்து சேர முப்பது வருடத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது. 1970-களின் நடுவில் எதிர்ப்பும் சேர்ந்து, அலுப்பும் சேர்ந்து, இந்த அலை ஓய்ந்தது. கிரிஃபின் தரப்பு கேட்ட நல்ல பாத்திரங்கள் அந்த இடத்தில் வரவில்லை. பலருக்கு வேலையே இல்லாமல் போனது. இரண்டு தரப்பையும் படித்த பிறகு எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான்.

அப்புறம் தமிழுக்கு வருவோம். முதல் பாதிக்குக் ‘கறுப்பு’ என்று வல்லின றகரம் போட்டே எழுதுகிறேன். ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்கிறது தொல்காப்பியம். நிறத்தையும் அவை குறிக்கும் என்பதை அதற்கு அடுத்தே சொல்கிறது. நிறமும் சினமும் ஒரே சொல்லில் இருக்கும்போது அதை விட எனக்கு மனமில்லை. ஆனால் ‘கறுப்புப் படம்’ என்று விட்டுவிட்டால் கறுப்பு வெள்ளைப் படம் ஞாபகம் வந்துவிடும். அதனால் ‘கறுப்பின’ என்று மனிதரைக் கொண்டுவர வேண்டும்.

இரண்டாம் பாதியை ஒரே சொல்லில் அடைக்காமல், பேசுவது யார் என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். கிரிஃபினையும் அவரோடு நின்ற அமைப்புகளையும் பற்றி எழுதும்போது மறைந்து நிற்கும் உருபை வெளியே கொண்டுவந்து ‘கறுப்பினத்தவரைச் சுரண்டும் படங்கள்’ என்று எழுத வேண்டும். அந்த ‘ஐ’ உருபு வந்துவிட்டால் என் நண்பரின் கேள்விக்கு இடமிருக்காது. வகைமையைச் சொல்லும்போது ‘கறுப்பின அதிரடிப் படங்கள்’ போதும். டிராகுலா கதையைத் தழுவிய ‘பிளாக்யூலா’ போன்ற பேய்ப் படங்கள் இதற்குள் அடங்காதுதான். அங்கெல்லாம் ‘பிளாக்ஸ்பிளாய்டேஷன்’ என்றே தமிழில் எழுதிவிட்டு ஒரு வரியில் விளக்கலாம்.

என் பழைய கட்டுரையில் ‘பேம் கிரியர் கறுப்பினச் சுரண்டல் படங்களில் நடித்தவர்’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதைக் ‘கறுப்பின அதிரடிப் படங்களின் நட்சத்திரம் பேம் கிரியர்’ என்று மாற்றிவிட்டேன்.